சராசரிக்கு முன்னால் எடுக்கப்படும் முடிவுகள்

காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்திலுள்ள பிள்ளைப்பாக்கத்தில் இரண்டு வகைக் கணக்குகள் அக்கம்பக்கமாக நடக்கின்றன. ஒன்று ஏரிக் கணக்கு. எவ்வளவு மழை பெய்தது, ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கிறது, கலங்கல் எப்போது வழியும் என்பவை அதில் அடங்கும். பிள்ளைப்பாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிப் போகிறது. செம்பரம்பாக்கமோ 24 அடி உயரத்துக்கு 3,645 மில்லியன் கன அடி நீரைத் தேக்கிச் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. மற்றது தொழிற்சாலைக் கணக்கு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாயும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டாக 2010இல் தொடங்கிய ஆலையும் கார் தயாரித்து வருகின்றன. அவற்றைச் சுற்றி உதிரிபாக ஆலைகளும் மின்னணு ஆலைகளும் பெருகியிருக்கின்றன. பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவும் இந்த வளையத்தில் ஒன்று. இந்த ஆலைகளில் போல்ட்டின் இறுக்கமும் துளையின் விட்டமும் சாலிடரின் தடிமனும் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் அளந்து பதியப்படுகின்றன. மழையானாலும் இறுக்கமானாலும் கணினிக்குள் போனதும் ஒரு நீண்ட எண்வரிசைதான். அந்த வரிசையிலிருந்து ஒரே ஓர் எண்ணைப் பிழிந்தெடுத்து அறிக்கையில் எழுதும் வேலையைத் தரவுப் பகுப்பாய்வு மொழிகளின் உள்ளிணைந்த செயற்கூறுகள் செய்கின்றன. இவற்றை நடைமுறையில் ஃபங்ஷன் என்கிறோம்.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான். ஒவ்வொரு உள்ளிணைந்த செயற்கூறுக்குள்ளும் கணக்கோடு சேர்த்துச் சில முடிவுகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. விடுபட்ட பதிவை என்ன செய்வது, எதால் வகுப்பது, எல்லையில் நிற்கும் எண்ணை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பவை அந்த முடிவுகள். செயற்கூறுகளின் பெயர்களையும் அடைப்புக்குறிக்குள் எதை எழுதவேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்வதையே இன்று பெரும்பாலும் படிப்பாக வைத்திருக்கிறோம். உண்மையில் கற்கவேண்டியது அந்த முடிவுகளை. அவற்றை அறியாமல் எடுக்கும் எண், கணக்குப்படி சரியாக இருந்தும் பொருள்படி தவறாக இருக்கக்கூடும்.

சான்றுக்கு ஆர் மொழியை எடுத்துக்கொள்வோம். அதன் வரலாறே நம் பொருளுக்கு நெருக்கமானது. வால்டர் ஷூஹார்ட் 1924ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தபோது, உற்பத்தித் தரத்தைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தை முன்வைத்தார். இன்றைய ஆலைகளில் கன்ட்ரோல் சார்ட் என்று சொல்வது அதைத்தான். அடுத்த ஆண்டு அங்கிருந்து பெல் ஆய்வகம் பிறந்தது. அதே பெல் ஆய்வகத்தில் 1976இல் ஜான் சேம்பர்ஸும் அவருடைய குழுவினரும் தரவை ஆராய்வதற்கென்றே எஸ் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அதைப் பின்பற்றி நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990களில் ஆர் மொழியை எழுதினார்கள். அதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு செயற்கூறும் உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று திறந்தும் படிக்கலாம். ஆகவே, ஒரு செயற்கூறு எடுத்துவைத்திருக்கும் முடிவை அறியவேண்டும் என்று விரும்புகிறவருக்கு இதில் எந்தத் தடையும் இல்லை.

விடுபட்ட நாள்

முதல் சான்று ஏரிக் கணக்கிலிருந்து. மழைமானியை நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பார்த்து, முந்தைய 24 மணி நேர மழையைக் குறிப்பது இந்திய வானிலைத் துறையின் வழக்கம். ஏதாவதொரு நாள் பதிவு விடுபட்டுப்போனால், ஆர் மொழியில் அந்த இடத்தில் என்ஏ என்ற குறி நிற்கும். பூஜ்யம் என்றால் மழை இல்லை. என்ஏ என்றால் தெரியவில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்தது அந்த மொழியை வடிவமைத்தவர்களின் பெரிய நற்செயல். ஒரு மாதத்தின் 31 எண்களில் ஒன்று என்ஏவாக இருந்தாலும், சராசரி காணும் மீன்() செயற்கூறு என்ஏ என்றே விடை தரும். கூட்டிச் சொல்லும் சம்() செயற்கூறும் அப்படியே. புதிதாகக் கற்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். முப்பது எண்கள் இருக்கின்றனவே, அவற்றை வைத்துச் சொன்னால் என்ன என்று தோன்றும். ஆனால் தெரியாத ஒன்று சேர்ந்த கூட்டுத்தொகை தெரியாததுதான். அதைத் தெரிந்ததுபோல் சொல்ல மறுப்பது நேர்மை.

விடுபட்டதை நீக்கிவிட்டுக் கணக்கிடு என்று சொல்ல என்ஏ.ஆர்எம் என்ற விருப்பத் தெரிவு இருக்கிறது. அதை ட்ரூ என்று மாற்றிவிட்டால் விடை வந்துவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவானது. அப்படியொரு நாளின் பதிவு ஒரு மழைமானியில் விடுபட்டதாக வைத்துக்கொள்வோம். மாதத்தின் மற்ற 30 நாட்களிலும் சேர்த்து 150 மில்லிமீட்டர் பெய்தது என்பது எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொள்ளும் எண். விடுபட்ட நாளில் பெய்தது 470 மில்லிமீட்டர். உண்மையான மாத மழை 620. என்ஏவை நீக்கச் சொல்லி சம்() கொடுத்தால் விடை 150. அதாவது, அந்த நாளில் ஒரு துளியும் பெய்யவில்லை என்று கொண்டாயிற்று. அதே தெரிவோடு மீன்() கொடுத்தால் விடை நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர். அந்த நாளும் மற்ற நாட்களைப் போன்ற சாதாரண நாள் என்று இங்கே கொண்டாயிற்று. ஒரே தெரிவு இரண்டு செயற்கூறுகளில் இரண்டு வெவ்வேறு அனுமானங்களாக வேலை செய்கிறது. இரண்டுமே உண்மைக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. இது வெறும் கற்பனைச் சிக்கலும் அல்ல. கருவி பழுதாவதும், மின்சாரம் போவதும், அளவெடுப்பவர் வந்துசேர முடியாமற்போவதும் பெருமழை நாளில்தான் அதிகம் நேரக்கூடியவை. அதனால் விடுபடுபவை பொதுவாகச் சாதாரண நாட்களாக இருக்கமாட்டா. ஏரிக்கரையின் பாதுகாப்புக்கு எந்த நாள் மிகவும் வேண்டுமோ அதுவே விடுபடும்.

எல்லாச் செயற்கூறுகளும் மீன்() போல எச்சரிப்பதில்லை. எத்தனை உறுப்புகள் என்று சொல்லும் லெங்த்() விடுபட்டவற்றையும் சேர்த்தே எண்ணும். எந்த வகை எத்தனை முறை வந்தது என்று எண்ணும் டேபிள்(), கேட்காமலேயே என்ஏக்களை விட்டுவிடும். வரிசைப்படுத்தும் சார்ட்() செயற்கூறும் அவற்றை உதறிவிடும். எண்களை வகைகளாகப் பிரிக்கும் கட்() இன்னும் கவனிக்கவேண்டியது. ஒரு நாளில் 204.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் மிக மிகக் கனமழை என்பது வானிலைத் துறையின் வகைப்பாடு. கட்() செயற்கூறில் 204.5 என்று எல்லையைக் கொடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால், சரியாக 204.5 பெய்த நாள் கீழ்வகையில் போய் விழும். மேல் எல்லை உள்ளே, கீழ் எல்லை வெளியே என்பது அதன் இயல்புநிலை. அதே காரணத்தால், முதல் எல்லையைப் பூஜ்யம் என்று வைத்தால் மழையே பெய்யாத நாட்கள் எந்த வகையிலும் சேராமல் என்ஏவாகிவிடும். உலர்ந்த நாட்கள் எல்லாம் தெரியாத நாட்களாக மாறிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

இரண்டு ஷிஃப்ட், ஒரு சிக்மா

இரண்டாவது சான்று ஆலையிலிருந்து. ஓர் உதிரிபாகத்தில் போல்ட்டை 25 நியூட்டன் மீட்டர் டார்க்கில் இறுக்கவேண்டும். 22 முதல் 28 வரை ஏற்கலாம் என்பது ஸ்பெக். இந்த எண்களும் எடுத்துக்காட்டுக்குத்தான். பகல் ஷிஃப்டில் இறுக்கம் 24ஐச் சுற்றியும், இரவு ஷிஃப்டில் 26ஐச் சுற்றியும் இருக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்டுக்குள்ளும் சிதறல், அதாவது சிக்மா எனப்படும் திட்டவிலக்கம், 0.5. இரண்டிலும் சம எண்ணிக்கையில் எடுத்த அளவுகளைச் சேர்த்து மீன்() கொடுத்தால் 25 வரும். இலக்கை அச்சாகப் பிடித்த ஆலை என்று தோன்றும். ஆனால் 25ஐ ஒட்டி இறுக்கப்பட்ட போல்ட்டுகள் அங்கே மிகக் குறைவாகவே இருக்கும்.

அடுத்து, வாகன நிறுவனங்கள் உதிரிபாக ஆலைகளிடம் கேட்கும் திறன் குறியீட்டைப் பார்ப்போம். சராசரிக்கும் அருகிலுள்ள ஸ்பெக் எல்லைக்கும் இடையிலான தூரத்தை, சிதறலின் மூன்று மடங்கால் வகுப்பது அதன் சூத்திரம். 1.33, 1.67 ஆகியவை இத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வரம்புகள். நம் எடுத்துக்காட்டில் சராசரியிலிருந்து எல்லை வரை தூரம் 3. ஷிஃப்டுக்குள் இருக்கும் சிதறலான 0.5ஐப் போட்டால் குறியீடு 2.0 ஆகிறது, எந்த வாடிக்கையாளரும் மகிழ்வார். எல்லா எண்களையும் ஒன்றாக எஸ்டி() செயற்கூறுக்குள் போட்டால் சிதறல் ஏறத்தாழ 1.12 வருகிறது; குறியீடு 0.9க்குக் கொஞ்சம் கீழே இறங்குகிறது. பாகம் திருப்பி அனுப்பப்படும். குழுவாரியாகக் கணக்கிடும் டேப்ளை() செயற்கூறைக் கொண்டு ஷிஃப்ட் ஷிஃப்டாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் 1.33. ஒரே தரவு, ஒரே சூத்திரம், மூன்று விடைகள். மூன்றிலும் கணக்குப் பிழை இல்லை. இயந்திரம் சரியாக அமைந்தால் எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதற்கு 2.0 விடை. வாடிக்கையாளர் கைக்கு உண்மையில் போய்ச் சேருவது எப்படி இருக்கிறது என்பதற்கு 0.9 விடை. இன்று ஒவ்வொரு ஷிஃப்டும் தனித்தனியே எப்படி நடக்கிறது என்பதற்கு 1.33 விடை. எந்தக் கேள்வியைக் கேட்டோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதும் அறிக்கை, தெரிந்தோ தெரியாமலோ, படிப்பவரை ஏமாற்றுகிறது.

ஷூஹார்ட் நூறாண்டுக்கு முன்பே கண்டுகொண்ட வேறுபாடு இது. அடுத்தடுத்து வந்த பாகங்களைச் சிறு குழுக்களாக எடுத்து, குழுவுக்குள் இருக்கும் சிதறலை வைத்துத்தான் அவர் கட்டுப்பாட்டு எல்லைகளைப் போட்டார். குழுக்களுக்கு இடையே தோன்றும் மாற்றத்துக்குத் தனியாக ஒரு காரணம் இருக்கவேண்டும், அதைத் தேடிப் போகவேண்டும் என்பது அவர் கருத்து. மகலனோபிசின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அழைத்ததன் பேரில் 1947–48இல் அவர் இந்தியாவுக்கு வந்து தொழில்துறையினரைச் சந்தித்தார். நம் நாட்டுத் தரக்கட்டுப்பாட்டு இயக்கம் ஊன்றியதில் அந்தப் பயணத்துக்கும் பங்குண்டு. அவர் வற்புறுத்திய வேறுபாட்டை எஸ்டி() என்ற செயற்கூறு தானாகக் காப்பாற்றித் தராது. அந்தச் செயற்கூறுக்கு ஷிஃப்ட் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதைத் தெரிந்தவர் ஆலையில் இருப்பவர்தான்.

எஸ்டி() செயற்கூறுக்குள் இன்னொரு முடிவும் இருக்கிறது. அது எண்ணிக்கையால் வகுப்பதில்லை. எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கிறது. கையில் இருப்பது மாதிரிதான், முழு உற்பத்தியல்ல என்று அது கொள்கிறது. நூறு அளவுகள் இருந்தால் வேறுபாடு அரை சதவீதம், கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஐந்தே அளவுகள் இருந்தால் வேறுபாடு ஏறத்தாழ 12 சதவீதம். ஆலையில் ஒரு மாதிரிக் குழுவில் ஐந்து பாகங்கள் எடுப்பதுதான் பரவலான வழக்கம் என்பதால், இந்த 12 சதவீதம் புத்தகத்தோடு நின்றுவிடும் விஷயம் அல்ல.

சதமானம் காணும் குவான்டைல்() செயற்கூறு இதையெல்லாம் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. ராப் ஹைண்ட்மனும் யானான் ஃபேனும் 1996இல் எழுதிய கட்டுரையில், புள்ளியியல் மென்பொருள்கள் சதமானம் காணும் முறைகளை ஒன்பதாகத் தொகுத்தார்கள். ஆர் மொழியில் ஒன்பதும் உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் ஏழாவது முறை. 1, 2, 3, 4 என்ற நான்கே எண்களின் முதல் கால்மானம் ஏழாவது முறையில் 1.75, ஆறாவது முறையில் 1.25, இரண்டாவது முறையில் 1.5. முழுமையாக்கும் ரவுண்ட்() செயற்கூறும் பள்ளியில் கற்றபடி நடப்பதில்லை, 2.5ஐ 2 ஆக்கும், 3.5ஐ 4 ஆக்கும். பாதியில் நிற்பவற்றை எப்போதும் மேலே தள்ளினால் கூட்டுத்தொகை மெல்ல மெல்ல மேலே சாயும் என்பதால், இரட்டை எண்ணின் பக்கம் போகும் விதியை எடுத்திருக்கிறார்கள். நல்ல காரணம்தான். ஆனால் ஸ்பெக் எல்லையில் நிற்கும் ஒரு பாகம் தேறுவதும் கழிவதும் அந்த விதியைச் சார்ந்திருந்தால், அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை பாகத்தைச் செய்தவருக்கும் வாங்குபவருக்கும் உண்டு.

எதிர்வாதங்கள்

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. முதலாவது, ஆலைகளில் ஆர் மொழியை யார் பயன்படுத்துகிறார்கள், எக்செல், மினிடேப், பைத்தான் ஆகியவற்றில்தானே வேலை நடக்கிறது என்பது. கருவி மாறினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றால் இந்த மறுப்பு நிற்கும். தீர்வதில்லை. எக்செலின் ஆவரேஜ் செயற்கூறு வெற்றுக் கட்டங்களைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறது. பைத்தானில் நம்பை நூலகத்தின் சிதறல் செயற்கூறு எண்ணிக்கையால் வகுக்கிறது. பாண்டாஸ் நூலகத்தில் அதே பெயருள்ளது ஒன்று குறைத்து வகுக்கிறது. விடுபட்ட எண் இருந்தால் நம்பையின் சராசரி விடை தர மறுக்கிறது. பாண்டாஸின் சராசரி அதை நீக்கிவிட்டு விடை தருகிறது. ஒரே மொழிக்குள், ஒரே பொறியாளரின் ஒரே கோப்பில், இரண்டு மரபுகள் கலக்கலாம். கருவிகள் இப்படி வேறுபடுவதே, பெயரைத் தாண்டி முடிவை அறிந்துகொள்ளவேண்டும் என்பதற்கு வலுவான காரணம்.

இரண்டாவது மறுப்பு, இயல்புநிலைகளை வகுத்தவர்கள் துறை வல்லுநர்கள், அவர்களை ஏன் சந்தேகிக்கவேண்டும் என்பது. சந்தேகம் அவர்கள் திறமையின் மேல் அல்ல. உலகத்தில் எல்லோருக்குமாக ஒரு முடிவை எடுத்தவருக்கு, பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. மேலும் இயல்புநிலைகள் மாறவும் செய்யும். சொற்கள் அடங்கிய நெடுவரிசையை வகைமாறியாகத் தானே மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை ஆர் மொழி 2020 ஏப்ரலில், 4.0.0 பதிப்பில் கைவிட்டது. அந்த வழக்கத்தை நம்பி எழுதிய நிரல்கள், ஒரு வரிகூட மாற்றாமலே வேறுவிதமாக நடக்கத் தொடங்கின. மாறக்கூடிய முடிவை, மாறாத கணிதம் என்று எண்ணிவிடக்கூடாது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. லைனில் நிற்கும் டிப்ளமோ பயிற்சியாளருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது, ஒரு பட்டனை அழுத்தினால் விடை வரும்படி செய்து கொடுப்பதுதானே நடைமுறை என்று கேட்கலாம். பட்டன் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்கும் ஆலை இயங்காது. ஆனால் பட்டனுக்குப் பின்னாலும் ஒரு செயற்கூறு இருக்கிறது. அதை யாரோ எழுதியிருக்கிறார்கள். முடிவை ஒருமுறை கூடி எடுத்து, ஆலைக்கென்று ஒரு செயற்கூறாக எழுதி, என்ன முடிவு, ஏன் என்று பக்கத்திலேயே நாலு வரி குறித்து வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். இன்று நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டதால், பெயர்களை நினைவில் வைக்கும் சுமையும் குறைந்துவிட்டது. என்ஏ வருகிறது, அது வராமல் செய் என்று கேட்டால் அவை செய்துகொடுக்கும். அந்த நாளில் ஏன் பதிவு இல்லை என்று ஏரிக்கரைக்குப் போய் விசாரிக்க அவற்றால் முடியாது. மிச்சமாகும் நேரத்தை அந்த விசாரணைக்குக் கொடுப்பதுதான் முறை.

யார் சுமக்கிறார்கள்

இதில் அறிவியல் ஒழுக்கம் மட்டும் அல்ல, நியாயமும் அடங்கியிருக்கிறது. தவறான கேள்விக்கு வந்த சரியான எண்ணின் விளைவைச் சுமப்பவர், பெரும்பாலும் அந்த எண்ணை எடுத்தவராக இருக்கமாட்டார். இரண்டு ஷிஃப்டையும் கலந்த சராசரியை வைத்து எல்லாம் சரி என்று விட்டுவிட்டால், பின்னால் ரிஜெக்‌ஷன் கூடும்போது இரவு ஷிஃப்டில் நின்றவர்தான் பதில் சொல்லவேண்டியிருக்கும். இறுக்கும் கருவியின் அமைப்பு மாறியிருந்ததா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். விடுபட்ட நாளைப் பூஜ்யமாக எண்ணிய மழைக் கணக்கை நம்பிக் கலங்கலின் அளவைத் திட்டமிட்டால், விளைவு தாழ்வான இடத்தில் குடியிருப்பவர் வீட்டுக்குள் வரும். எண்ணை எடுப்பவருக்கு இவர்களோடு நேரடித் தொடர்பு இல்லை என்பதாலேயே, அவர் எடுக்கும் முடிவு எழுத்தில் இருக்கவேண்டும். கேட்பவருக்குக் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும்.

செய்யவேண்டியது கடினமானதும் அல்ல. அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு எண்ணோடும் மூன்று விவரங்கள் சேரவேண்டும்: எத்தனை அளவுகளிலிருந்து வந்தது, எத்தனை விடுபட்டன, எந்த விதியால் கணக்கிடப்பட்டது. ஆர் மொழியின் சம்மரி() செயற்கூறு ஓர் எண்வரிசையின் சிறும, பெரும, நடு மதிப்புகளோடு, விடுபட்டவற்றின் எண்ணிக்கையையும் சேர்த்தே காட்டுகிறது. நல்ல முன்மாதிரி அது. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றியுள்ள ஐடிஐகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் தரவுப் பாடம் நடத்துபவர்கள், மீன்() என்ன செய்யும் என்ற கேள்வியோடு நிறுத்தாமல், இந்த விடையில் எந்த அளவுகள் சேரவில்லை, ஏன் சேரவில்லை, வேறு விதியை எடுத்திருந்தால் எவ்வளவு மாறும் என்ற கேள்விகளையும் தேர்வுத்தாளில் வைக்கலாம். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லப் பழகிய மாணவர், நாளைக்கு எந்த ஆலைக்குப் போனாலும், எந்த மொழி வந்தாலும், ஏரிக் கணக்கையும் போல்ட் கணக்கையும் ஒரே பொறுப்போடு பார்ப்பார்.